கோடாலிக்காம்பு

ஒரு வீட்டில் ஒரு கோடாலி இருந்தால் அவன் விவசாயி. இரண்டு இருந்தால் விறகு வெட்டுகிறவன். நாற்பத்து மூன்று இருந்தால் அவனைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். பகலவனைப் பற்றியும் சொல்லி வைத்தார்கள். மன்னார்குடியில் அவர் வீட்டு மாடிக்கு ஏறி வந்த ஏட்டையா, சுவர் நெடுக ஆணியில் தொங்கிய கோடாலிகளை ஒரு முறை வாய்விட்டு எண்ணி முடித்து, "இதையெல்லாம் வச்சு என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார்.

"தொடைப்பேன்" என்றார் பகலவன்.

அது முழு உண்மை. அந்த நாற்பத்து மூன்றில் ஒன்றால்கூட அவர் ஒரு முருங்கைக் கிளையை வெட்டியது கிடையாது. இதுவரை வெட்டுப்பட்டது அவருடைய இடது கட்டைவிரல் மட்டும்தான், அதுவும் துடைக்கும்போது.

சர்வேயராக முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்த வருடம் டெல்டா முழுக்க வீட்டுக்கு வீடு கோடாலி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே மெஷின் ரம்பம் வந்தது. கோடாலிகள் காயலான் கடைக்குப் போயின. அதிராம்பட்டினத்தில் காயலான் கடை வைத்திருக்கும் சித்தீக் மாதம் ஒரு தடவை போன் செய்வார். "சார், ஒண்ணு வந்திருக்கு. தலையில இங்கிலீஸ் எழுத்து இருக்கு. பழசு. எடைக்குப் போடட்டுமா, வர்றீங்களா?" பகலவன் பஸ் ஏறிவிடுவார்.

கொண்டு வந்ததைப் புளிக் கரைசலில் இரண்டு நாள் ஊறப் போடுவார். துரு கழன்று கறுப்புத் தண்ணீராக ஓடும். பிறகு கம்பித் தூரிகை, அரம், உப்புத்தாள், எண்ணெய். நூறு வருடத்து இரும்பு நேற்றுப் பட்டறையிலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். அவர் மனைவி கனிமொழிக்கு இதில் இரண்டு வருத்தம். ஒன்று புளி. "ரசத்துக்குப் புளி இல்ல, கோடாலிக்கு மட்டும் கிலோ கணக்குல இருக்கு." இன்னொன்று அக்கம்பக்கம். "அவனவன் ரிட்டயர் ஆனா ராமேஸ்வரம் போறான். இவரு ரிட்டயர் ஆயி பரசுராமர் ஆயிட்டாரு."

அவளிடம் மூன்றாவது வருத்தம் ஒன்றும் இருந்தது. அதை எப்போதாவதுதான் சொல்வாள். "உங்க அண்ணன் அந்த வார்த்தையச் சொன்ன அப்பறம்தான் நீங்க இந்தக் கோடாலிப் பித்துப் புடிச்சு அலையிறீங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்பார் பகலவன். சம்பந்தம் இல்லாத விஷயத்துக்கு மனிதன் இவ்வளவு சத்தமாகப் பதில் சொல்ல மாட்டான்.

அண்ணன் மருதையன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். மூத்தவன் பிறந்தபோது அப்பா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார், மருதையன் என்று வைத்தார். இளையவன் பிறந்தபோது கட்சிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், பகலவன் என்று வைத்தார். பெயரிலேயே ஒருவன் வயலுக்கும் ஒருவன் ஆபீசுக்கும் என்று தீர்மானம் ஆகிவிட்டது. மருதையன் நடவு இல்லாத மாதங்களில் மரம் வெட்டப் போவார். சுற்று வட்டாரத்தில் மரத்தை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்க்கக்கூடியவர் என்று பெயர். அந்தச் சம்பாத்தியத்தில்தான் தம்பி சர்வே படித்தார்.

மருதையன் வீட்டு வாசலில், ரோட்டோரம் ஒரு புளியமரம் நின்றது. ஊரில் பாதி மரத்தை வெட்டியவர் அதன் மேல் மட்டும் கத்தி வைத்ததில்லை. காய்ந்த கிளையைக்கூட அதுவாக விழட்டும் என்று விட்டுவிடுவார். ஐந்து வருடத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்கும் வேலை வந்தது. அந்தப் பிர்க்காவுக்கு அப்போது சர்வேயர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மரம் தங்கள் பட்டாவுக்குள் இருப்பதாகத்தான் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நினைப்பு. பகலவன் அளந்தார். மரம் எண்பது சென்டிமீட்டர் வெளியே, ரோட்டுக்குச் சொந்தமான இடத்தில் நின்றது. மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். அப்படியும் எண்பது.

"டேய், டேப்பக் கொஞ்சம் தளத்திப் புடியேன்டா" என்றார் மருதையன், பக்கத்தில் யாருக்கும் கேட்காமல்.

பகலவன் தளர்த்திப் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவனுக்கும் தளர்த்தியதில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. அது அன்றைக்கு எவ்வளவு சின்னப் பெருமையாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மெஷின் வந்து நாற்பது நிமிடத்தில் மரத்தைத் தின்றது. மருதையன் அதையெல்லாம் நின்று பார்த்தார். பிறகு டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் தம்பியிடம் வந்தார். "குலத்தக் கெடுக்க வந்த கோடாலிக்காம்புடா நீ."

தமிழில் இதைவிடப் பெரிய திட்டுகள் உண்டு. அவற்றையெல்லாம் சிரித்து உதறிவிடலாம். இதை உதற முடியாது. கோடாலி இரும்பு, மரத்தை வெட்டுவது அதன் பிழைப்பு. அதற்கு வாகாகப் பின்னால் நின்று உதவுகிற காம்பு இருக்கிறதே, அது மரத்துக்குப் பிறந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் பேசவில்லை. போன ஐப்பசியில் வாய்க்கால் கரையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. தஞ்சாவூரில் இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"காம்பு."

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. பசித்தாலும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான். அவர் மனைவி பொன்னுத்தாய் வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கொடுத்துப் பார்த்தாள். மிளகாய்க் காம்பு, கத்தரிக்காய்க் காம்பு என்று சமையலறையில் காம்புள்ள அத்தனையையும் முறத்தில் வைத்துக் காட்டினாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "காம்பு" என்றார்.

பகலவனுக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை.

"என்னையத்தான் அண்ணி சொல்றாரு. முன்பாதி வாய்ல வரல. பின்பாதி மட்டும் வருது. பாதித் தள்ளுபடி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. "தம்பி, எல்லாம் மறந்து போன மனுசனுக்கு அது மட்டும் ஞாபகம் இருக்குமா?"

இருக்கும் என்று பகலவன் நம்பினார். ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை எடுத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போய், கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஏழெட்டுத் தடவை திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு ஞாயிறு அண்ணன் அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

மாசியில் ஒருநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனவர் சுவரில் சாய்ந்திருந்த அண்ணனுடைய கோடாலியைப் பார்த்தார். அண்ணன் விழுந்த நாளிலிருந்து யாரும் தொடாமல் இருந்தது. மேலே ஓடு ஒழுகி, தலை முழுக்கத் துரு பூத்திருந்தது. பகலவனுக்கு அந்த இடத்திலேயே மூளையில் பல்பு எரிந்தது. இதைப் புதுசாக்கிக் கொண்டு வந்து அண்ணன் மடியில் வைத்தால்? தனக்குத் தெரிந்த ஒரே கைவேலையால் மன்னிப்புக் கேட்டால்?

"அண்ணி, இத எடுத்துட்டுப் போயிக் கொண்டாரேன்."

"தொருவத்தான எடுக்கப் போறீங்க? எடுத்துட்டுப் போங்க தம்பி. பாத்தாச்சும் சந்தோசப்படட்டும்."

அந்தக் கோடாலிக்குப் பட்ட பாடு நாற்பத்து மூன்றில் எதற்கும் அவர் பட்டதில்லை. துருவுக்கு அடியிலிருந்து நீல நிறத்தில் இரும்பு எழுந்து வந்தது. வெட்டும் வாயைத் தீட்டியபோது முகம் தெரிந்தது. தலையின் எடை ஒரு கிலோ நானூற்று இருபது கிராம் என்று நோட்டில் எழுதி வைத்தார். காம்புதான் அழகைக் கெடுத்தது. கறுத்துப்போய், கோணலாக, வால்பக்கம் ஒரு முண்டோடு, யாரோ அவசரத்துக்குச் செதுக்கி மாட்டியதுபோல் ஒரு கம்பு. தலைக்குள் இறுகிப் போயிருந்தது. தட்டினால் வரவில்லை. ரம்பத்தை எடுத்து அறுத்தார். உள்ளே மாட்டியிருந்த துண்டை டிரில் போட்டுத் தூளாக்கி ஊதினார். இரண்டு வருடமாக நிழலில் உலர்த்தி வைத்திருந்த கொய்யாக் கட்டையை எடுத்து, மான் கழுத்துபோல் வளைவு கொடுத்துப் புதுக் காம்பு செதுக்கினார். மூன்று பூச்சு எண்ணெய் கொடுத்தார்.

"இந்தப் பழைய கம்ப என்ன பண்ண?" என்று கனிமொழி கேட்டாள்.

"வெந்நி அடுப்புல போடு."

போட்டாள். நன்றாகப் பிடித்து எரிந்தது. அந்த வெந்நீரில் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கோடாலியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவரும் அவர்தான்.

அன்றைக்கு ஷம்சாத்தும் அங்கே இருந்தாள். கூத்தாநல்லூரிலிருந்து வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து மருதையனுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். அவர் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்துவிட்டு, அது உருண்டு போவதும் எடுத்து வைப்பதுமாக இருந்தாள்.

"வாங்க சார். ஐயா பந்தப் புடிக்கவே மாட்டேங்குறாங்க. மனசுக்குப் புடிச்சதா ஏதாச்சும் குடுத்துப் பாக்கணும்."

"கொண்டாந்திருக்கேன்ல!" என்று பகலவன் துண்டை உருவினார். மந்திரவாதி தோற்றான்.

மருதையன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். நல்ல கையாகிய இடது கையை நீட்டி வாங்கினார். தலையைத் தடவவில்லை. முகம் தெரிகிற வாயைப் பார்க்கவில்லை. விரல்கள் நேராகக் காம்புக்குப் போயின. அதன் மேல் மெதுவாக நகர்ந்து வால்வரைக்கும் போய் அங்கே எதையோ தேடின. திரும்பி வந்து மறுபடியும் போயின. பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"காம்பு?"

நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு ஒரு கேள்விக்குறி இருந்தது.

ஷம்சாத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "சார், ஐயா உங்களத் திட்டல சார். இதத்தான் இத்தன நாளாக் கேட்டிருக்காங்க."

பொன்னுத்தாய் கோடாலியைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். "பழைய காம்பு எங்க தம்பி?"

"அது... ரொம்ப மோசமா இருந்துச்சு அண்ணி. மாத்திட்டேன்."

"அய்யோ, அது நம்ம புளியமரத்துக் கம்புல்ல. மெஷின்காரன் எல்லாத்தையும் லாரில ஏத்துனப்ப ஒரே ஒரு கெளைய இழுத்து வச்சிக்கிட்டாரு. அவரே உக்காந்து செதுக்குனாரு. மத்தத எடுத்துக்கிட்டு வெட்டப் போவாரு. இத எடுத்துக்கிட்டு எந்த மரத்துக்கும் போனதில்ல. சாயங்காலமானா கையில புடிச்சிக்கிட்டு ரோட்டப் பாத்து உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான். எனக்கும் இந்தக் காம்புதான்னு புத்தில படலையே." தன் தலையில் ஒரு அடி போட்டுக்கொண்டாள். "பரவால்ல. வீட்லதான இருக்கு? கொண்டாந்து மாட்டிருங்க."

"வீட்லதான் இருக்கு" என்றார் பகலவன். டேப்பைத் தளர்த்தாத மனிதர். "கொண்டாரேன்."

கனிமொழி கொல்லையில் கருவாட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்பு?"

"எந்தக் கம்பு?"

"வெந்நி அடுப்புல போட்டது."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். "எரிஞ்சு போச்சேங்க. சாம்பல்ல பாத்திரம் தேச்சேன்."

பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. மாடிக்கு ஏறிப்போய் வேலைமேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினார். டிரில் போட்ட தூளை அவரே வாயால் ஊதி அனுப்பியிருந்தார். தலைக்குள் காம்பை இறுக்க அண்ணன் அடித்து வைத்திருந்த சின்ன இரும்பு ஆப்பு ஒன்று மட்டும் கிடைத்தது. புளியமரத்தின் கடைசி மிச்சமும் போய், தன் கையில் ஆப்புதான் மிஞ்சியது என்று எண்ணியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே மண்டியிட்டபடி கொஞ்ச நேரம் அழுதார்.

போலிக் காம்பு ஒன்று செய்தால் என்ன என்ற யோசனை அடுத்த நாள் காலையில் வந்தது. மரவாடியில் சொல்லி ஒரு புளியங்கிளை வாங்கி வந்தார். டீத்தூள் கஷாயத்தில் ஊறவைத்தார், புகையில் காட்டினார், மண்ணில் புரட்டினார். நாற்பத்து மூன்று கோடாலிகளுக்கு வயதைக் குறைத்தவருக்கு ஒரு கம்புக்கு ஐந்து வயது கூட்டத் தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பழைய காம்பு எப்படி இருந்தது? முண்டு வாலுக்கு எவ்வளவு மேலே இருந்தது? கோணல் இடப்பக்கமா, வலப்பக்கமா? வேலை தொடங்கும் முன் எப்போதும் ஒரு படம் எடுப்பாரே என்று நினைவு வந்து போனைத் திறந்தார். படம் இருந்தது. தலை முழுக்க, துருவின் ஒவ்வொரு புள்ளியும் தெரிய எடுத்திருந்தார். காம்பு இரண்டு அங்குலம் தெரிந்தது. அதிலும் பாதியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது.

விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கட்டைவிரல்தான் பெரிதாயிற்று.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மறந்துபோகவில்லை, அவர் அந்தக் காம்பைப் பார்க்கவே இல்லை. தலையின் எடையைக் கிராம் சுத்தமாக எழுதி வைத்தவர்.

அடுத்த ஞாயிறு கோடாலியும் கையுமாகக் கிளம்பினார். ஊருக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி ரோட்டில் இறங்கி நடந்தார். மரம் நின்ற இடம் ஊரில் இன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாம் ஒரே தார். பகலவனுக்குத் தெரியும். பட்டா எல்லைக் கல்லிலிருந்து எண்பது சென்டிமீட்டர். தார்மேல் அந்த இடத்தில் போய் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்து தொட்டார். வலங்கைமான் பஸ் ஒன்று வந்து காது கிழிய ஹாரன் அடித்தது. "யோவ் பெரிசு, சாவுறதுக்கு வேற ரோடு கெடைக்கலையா?" என்று டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி. நகர்ந்து கொடுத்தார்.

அண்ணன் வீட்டில் ஷம்சாத் பயிற்சியைத் தொடங்கியிருந்தாள். பொன்னுத்தாய் உலையில் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தவள், அவர் கையில் அதே கோடாலியும் அதே கொய்யாக் காம்பும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். பகலவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே. அந்தக் காம்பு இல்லண்ணே. எரிச்சிட்டேன்."

மருதையன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியாமத்தான் செஞ்சேன். வெந்நி போட்டுக் குளிச்சிட்டேன்." ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முடிக்கலாம் என்று வாயைத் திறந்தார். அறுபது வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. "ரெண்டு தடவையும் அந்த மரத்த அழிச்சது நாந்தாண்ணே" என்றார்.

பொன்னுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஷம்சாத் பந்தைப் பைக்குள் வைத்தாள். உள்ளே உலை கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. யாரும் போகவில்லை.

மருதையனின் இடது கை மெதுவாக வந்தது. அடிக்கத்தான் வருகிறது என்று பகலவன் கண்ணை மூடிக்கொண்டார். அடி வாங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அந்தக் கை அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அசைவில்லாத வலது உள்ளங்கைக்குள் வைத்தது. பிறகு செத்துக் கிடந்த வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த மணிக்கட்டின் மேல் மடக்கியது. கடைசி விரல் மடங்கியதும் இடது கை விலகிக்கொண்டது. விரல்கள் விரியவில்லை.

"புடிச்சிட்டாங்க!" என்றாள் ஷம்சாத். "சார், அசையாதீங்க. கைய எடுத்துராதீங்க. ஐயா, பத்து எண்ற வரைக்கும் விடாதீங்க. ஒண்ணு... ரெண்டு..."

"காம்பு" என்றார் மருதையன்.

திட்டினாரா, கேட்டாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று பகலவனுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவரிடமிருந்து வரப்போவது அதே வார்த்தைதான். பிடியில் பலமே இல்லை. ஒரு குழந்தை இழுத்தால் கழன்றுவிடும். ஒரு ஈ வந்து பகலவனின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, சாவகாசமாக முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. அவருடைய வலது கையில் கோடாலி இருந்தது.

"ஆறு... ஏழு..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள் ஷம்சாத். பத்து வந்தது. பத்துக்கு மேல் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை. பகலவன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.